லூபஸ்காரிக்குக் கொரோனா வந்தபோது

என் நோய்க்கு எங்கள் குடும்பம் முதலில் வைத்த பெயர் சோம்பல். மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்து லூபஸ் என்று சொல்வதற்கு இரண்டு வருடம் முன்பே என் அண்ணன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, மத்தியானம் வெயில் பட்டால் கன்னம் சிவந்து எரியும், மாலையில் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழ முடியாது. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான். "வீட்டு வேல செய்யப் பிடிக்கலன்னா நேரா சொல்லு. நோயின்னு சொல்லாத."

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. நோயின் பெயர் தெரிந்த பிறகாவது மரியாதை கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. பெயர்தான் மாறியது. அண்ணி என்னைக் குடைக்காரி என்று சொல்ல ஆரம்பித்தார். வெயிலில் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் நான் குடையும் முழுக்கைச் சட்டையுமாகத்தான் வெளியே போவேன். மலாக்காவின் தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் எல்லோரும் அரைக்கால் சட்டையில் காற்று வாங்கும்போது, நான் மட்டும் ஏதோ சவ ஊர்வலத்துக்குப் போகிறவள் மாதிரி மூடிக்கொண்டு நடப்பேன். பார்க்கிறவர்களுக்கு அது தமாஷ். "ஆளப் பாத்தா நல்லாத்தானே இருக்கா" என்று என் காதுபடவே சொல்வார்கள். நன்றாக இருப்பதுபோல் தெரிவதுதான் நான் செய்த பெரிய குற்றம்.

லூபஸ் என்றால் என்ன என்று டாக்டர் எனக்கு ஒரு வரியில் சொன்னார். கிருமியைத் தாக்கவேண்டிய உடம்பின் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் என் மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. அதனால் அந்த எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்க மாத்திரை. தினமும் மூன்று வகை. ஒன்று மலேரியாவுக்கென்று கண்டுபிடித்து பிறகு எங்களுக்கும் உதவுகிற மாத்திரை. ஒன்று ஸ்டிராய்டு. இன்னொன்று சிறுநீரகத்தைக் காப்பாற்ற எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்துகிற பெரிய மாத்திரை. இந்த ஒரு வரியை இத்தனை வருடமாக என் குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் யாருக்கும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

என் கணவர் ஏர்கான் பழுது பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் காரணம் சோம்பல்தான் என்று அண்ணி ஒருமுறை சொன்னதாகக் கேள்வி. நான் கோலா சுங்கை பாருவில் ஓர் ஐஸ் ஃபேக்டரி ஆபீசில் குமாஸ்தா. மீன்பிடிப் படகுகளுக்கும் லாரிகளுக்கும் ஐஸ் போகும். குளிர்ந்தால் என் விரல் நுனி நீலமாகிவிடும். அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் மலாக்கா மாநிலத்திலேயே இருக்கமுடியாது. ஆனால் ஆபீஸ் அறையில் வெயில் இல்லை, முதலாளி நல்ல சீனர், குடையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அது போதும் என்று இருந்தேன்.

அண்ணன் ரெம்பியாவில் இருக்கிறார். ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர். நல்ல உயரம், நல்ல குரல். ஜெபத்தில் அவர் குரல் எழும்பினால் மின்விசிறிச் சத்தம் கேட்காது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பாவுக்குப் பிறந்து, தன் உழைப்பால் வீடு கட்டியவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உடம்பு என்பது உழைப்பால் சரியாகிவிடும் பொருள் என்று நம்புகிற மனிதரோடு நோயாளி ஒருத்தி கூடப் பிறக்கக்கூடாது.

கொரோனா வந்த முதல் வருடம்தான் என் மாத்திரைக்கு வாழ்க்கையிலேயே முதன்முறையாக மரியாதை வந்தது. அந்த மலேரியா மாத்திரை கொரோனாவுக்கு நல்லது என்று எங்கோ ஒருவர் சொன்னார். அதை நம் ஆட்கள் உலகம் முழுக்கச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை, ஊரடங்கு போலீஸ் தடுப்புகளைத் தாண்டி, மளிகை வாங்கப் போவதாகக் காரணம் சொல்லி, அண்ணி எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார். முகமூடிக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது.

"அந்த மலேரியா மாத்திர வச்சிருக்கியாமே. ரெண்டு பட்டை குடேன். அண்ணனுக்கும் பிள்ளைங்களுக்கும் முன்கூட்டியே குடுத்து வச்சிரலாம்லா."

"அண்ணி, அது எனக்கு டாக்டர் எண்ணிக் குடுக்கறது. மருந்துக் கவுண்டர்ல இப்ப ஸ்டாக்கே இல்லயாம். முன்னெல்லாம் மூணு மாசத்துக்குத் தருவாங்க. இப்ப ரெண்டு வாரத்துக்குத்தான் தர்றாங்க."

"உனக்குத்தான் கவர்மென்ட்ல சும்மா குடுக்கறாங்களே. ரெண்டு பட்டைல என்ன கொறஞ்சிடப் போற?"

நான் கொடுக்கவில்லை. சோம்பேறி என்பதோடு சுயநலக்காரி என்றும் ஆனேன். சில மாதம் கழித்து, அந்த மாத்திரையால் கொரோனாவுக்குப் பயன் இல்லை என்று செய்தி வந்தது. மாத்திரையின் மரியாதை போய்விட்டது. அது மறுபடியும் என் சோம்பல் மாத்திரை ஆயிற்று.

அடுத்த வருடம் நிலைமை மோசமானது. எங்கள் தாமானிலேயே நான்கு வீட்டில் கொரோனா. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத நாள் இல்லை. எனக்கு முதல் தடுப்பூசி போட்டாயிற்று. இரண்டாவது ஊசிக்குத் தேதி வர வேண்டும். அந்த நேரத்தில்தான் அண்ணன் ஒரு மெசேஜ் அனுப்பினார். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கொரோனா வந்தால் பிழைக்க வழியே இல்லை, உடனே நிறுத்துங்கள் என்று யாரோ எழுதியது. எழுதியவர் பெயர் இல்லை. கீழே இரண்டு கைகூப்பிய படமும் ஒரு வேத வசனமும் மட்டும். அன்று பகலே போனும் செய்தார்.

"படிச்சியா? நான் அப்பவே சொன்னேன், அந்த மாத்திர எல்லாம் விஷம்னு."

"டாக்டர் நிறுத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்காருண்ணே."

"டாக்டருக்கு என்ன? அவரு வீட்டுல யாருக்கும் லூபஸ் இல்ல. யோசிச்சுப் பாரு. கிருமி வாசல்ல நிக்குது. நீ உள்ள இருக்கற போலீசுக்கு மயக்க மருந்து குடுத்துப் படுக்க வச்சிருக்க. இது புத்தியா?"

இந்த இடத்தில் நான் அண்ணனை மட்டும் ஏளனம் செய்துவிட்டுப் போனால் அது பொய். பதினைந்து வருடம் லூபஸோடு வாழ்ந்தவள் நான். அவருடைய ஒவ்வொரு உபதேசத்தையும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவள். ஆனால் இதை நம்பினேன். கேட்க நியாயமாக இருந்தது. பயந்து கிடக்கிறவளுக்கு எதுவும் நியாயமாகத்தான் கேட்கும். சிறப்பு மருத்துவரின் கிளினிக்குக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். போடவில்லை. போட்டால் திட்டுவார்கள் என்று தெரியும். எனக்கு வேண்டியது சரியான பதில் இல்லை, எனக்குப் பிடித்த பதில். பெரிய மாத்திரையை அடியோடு நிறுத்தினேன். ஸ்டிராய்டைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டேன். கணவரிடம் சொல்லவில்லை. இப்படி ஒரு மடத்தனத்தை மூன்று வாரம், ஒருநாள் விடாமல், மிகுந்த ஒழுக்கத்தோடு செய்தேன்.

மூன்றாவது வாரம் கணவருக்குச் சளி, பிறகு எனக்கு ஜுரம். இருவருக்கும் பாசிட்டிவ். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. உறவினர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது: ஐஸ் ஃபேக்டரி லாரிக்காரர், பக்கத்து வீட்டு இந்தோனேசியப் பெண், பாசார் சந்தையில் விற்ற கோழி. ஆளுக்கு ஒரு குற்றவாளி. கணவருக்கு மூன்று நாள் உடம்பு வலி, ஒரு வாரம் மணம் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஐந்தாம் நாள் குளியலறையிலிருந்து கட்டில்வரை நடக்க மூச்சு வாங்கியது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியில் எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஓர் இளம் டாக்டர், தமிழ்ப் பெண். தலையிலிருந்து கால்வரை வெள்ளைக் கவசம். கண்ணாடிக்குள் கண் மட்டும் களைத்துத் தெரிந்தது.

"அக்கா, லூபஸ் எத்தனை வருசமா?"

"பதினஞ்சு."

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா எடுக்கறீங்களா? கடைசியா எப்ப எடுத்தீங்க?"

"நேத்து" என்றேன்.

மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிற வேளையிலும் எனக்கு மானம் முக்கியமாக இருந்தது. அவர் எழுதிக்கொண்டார். "சரிக்கா. எதிர்ப்பு சக்தியக் கொறைக்கற பெரிய மாத்திரைய மட்டும் இப்போதைக்கு நாங்க நிறுத்தி வைக்கிறோம். தொற்று அடங்கினதும் திரும்பக் குடுப்போம்" என்றார். நான் தலையாட்டினேன். மூன்று வாரத்துக்கு முன்பே நின்றுபோன மாத்திரையை அவர் அன்றுதான் நிறுத்துகிறார்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ரெம்பியா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் இருந்தார். அறுபது வயதுக்கு மேல். பிள்ளை பெறுவதற்குத் தவிர ஆஸ்பத்திரிப் பக்கமே வந்ததில்லையாம். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தார். கஞ்சியை ஏசினார், கட்டிலை ஏசினார், தன் மருமகனை மிக விரிவாக ஏசினார். மறுநாள் காலை தாதி அவருக்கு ஊசி போட்டுவிட்டுப் போனதும் என்னைக் கேட்டார்.

"இது என்னா ஊசிம்மா? தெனம் போடறாளுங்க."

"ஸ்டிராய்டுக்கா. மூச்சுக்கு ஆக்சிஜன் தேவைப்படற கொரோனாக்காரங்களுக்கு எல்லாம் போடறாங்க."

"உனக்கும் அதானா?"

"நான் பதினஞ்சு வருசமா அந்த வகை மருந்துதான் சாப்பிடறேன். விஷம்னு சொல்வாங்க எங்க வீட்டுல."

அக்கா ஊசி குத்திய இடத்தைத் தடவினார். "அப்ப இந்த வார்டு பூரா வெஷம் குடிச்சுத்தான் பொழைக்குதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் இருமல் வந்தது, இருமினால் எண் இறங்கியது. தாதி வந்து இருவரையும் திட்டினார்.

அன்று மத்தியானம் எனக்கு இரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. கண் இருட்டியது, வாந்தி வந்தது. அதே இளம் டாக்டர் ஓடிவந்தார். சலைன் ஏற்றினார்கள். அழுத்தம் ஏறவில்லை. அவர் குனிந்து என் காதருகே மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, நான் திட்ட மாட்டேன். உண்மைய மட்டும் சொல்லுங்க. ஸ்டிராய்டக் கொறச்சீங்களா?"

சொன்னேன். பாதியாக்கியது, பெரிய மாத்திரையை நிறுத்தியது, மூன்று வாரம், எல்லாம். அண்ணன் பெயரை நான் இழுக்கவில்லை. இழுத்தாலும் அது மருந்துச் சீட்டில் எழுதும் விஷயம் இல்லை. டாக்டர் திட்டவில்லை. "இத்தனை வருசம் ஸ்டிராய்டு எடுத்த உடம்பு, தானா அதச் சுரக்க மறந்திருக்கும்க்கா. இவ்வளவு பெரிய தொற்று வரும்போது உடம்புக்கு அது அதிகமாத் தேவை, நீங்க கொறச்சிட்டீங்க, இங்க போட்ட ஊசி அதுக்குப் பத்தல" என்று மட்டும் சொன்னார். வேறு ஊசி போட்டார்கள். மாலைக்குள் இரத்த அழுத்தம் நிலைக்கு வந்தது. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டாதவர்களிடம் பொய் சொன்னதை மறப்பது கஷ்டம்.

நுரையீரலின் நிலை அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனது. மூக்கில் பெரிய குழாய் வைத்துக் காற்றை அழுத்தி அனுப்பினார்கள். குப்புறப் படுக்கச் சொன்னார்கள். குப்புறப் படுத்தால் என் தோள் மூட்டு இரண்டும் தீயாய் எரிந்தன. ஒரு காலை பெரிய டாக்டர் வந்து, இன்னும் இறங்கினால் தொண்டையில் குழாய் போட்டு மயக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும், வீட்டாரோடு பேசிவிடுங்கள் என்றார். தாதி என் போனைப் பிடித்துக்கொண்டார். கணவருக்கு வீடியோ கால்.

கணவர் அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அதைச் சபைக்குச் சொல்லியிருக்கிறார். திரையில் என் கணவர் முகத்தோடு சின்னச் சின்னக் கட்டங்களாக இன்னும் பத்துப் பன்னிரண்டு முகம். சிலர் பசியாறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் ரொட்டி இருந்தது. அண்ணன் கண்ணை மூடி, கையை உயர்த்தி, "ஆண்டவரே, உம்முடைய மகளை உமது கரத்தில் ஒப்படைக்கிறோம்" என்று ஆரம்பித்துவிட்டார். சுகப்படுத்தும் என்று ஒரு வார்த்தை இல்லை. நேராக ஒப்படைப்புதான். அண்ணி விசும்பினார். மற்றவர்களும் விசும்பினார்கள். எனக்குப் பேச மூச்சில்லை.

பேசியது பக்கத்துக் கட்டில் அக்காதான். "யாருய்யா அது? இந்தப் பொண்ணு இன்னும் உசுரோடதான் இருக்கு! அழுவறதா இருந்தா போன வச்சிட்டு அழுவுங்க!"

அண்ணன் கண் திறந்தார். இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார். தாதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, போன் ஆடியது. கணவர் மட்டும் மற்ற எல்லோரையும் மீறிக் கேமராவுக்கு மிக அருகே வந்து, "நான் இங்கயே இருக்கேன். நீ வா" என்றார். அவர் மூக்கு மட்டும்தான் திரையில் தெரிந்தது. அது போதுமாயிருந்தது.

பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது, அன்று மாலை அண்ணி என் கணவரிடம், "அவளுக்குப் பிடிச்ச சேல எது? எடுத்து வச்சிருங்க" என்று சொல்லியிருக்கிறார். கொரோனாவில் போனால் சேலை கட்ட விடமாட்டார்கள், பையில் சுற்றித்தான் தருவார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடம் என் நோயை நம்பாத குடும்பம், என் சாவை மட்டும் ஒரே நாளில் நம்பியது.

குழாய் போடவில்லை. போடும் நிலைக்கு ஓரடி முன்னால் நான்கு நாள் நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் எண் ஒன்று கூடியது. பிறகு மெல்ல மெல்ல ஏறியது. அதற்குள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். சக்கர நாற்காலி வேண்டாம் என்று தாதியோடு சண்டை போட்டு, நடந்தே போனார். வாசலில் நின்று, "நீயும் வந்துரு. இங்க இருக்கற கஞ்சியத் தின்னா நல்லவனும் செத்துப்போவான்" என்றார். பத்து நாளில் அவர் கொரோனாக் கதை நல்லபடியாக முடிந்தது. என் கதை அப்போதுதான் அடுத்த பாகத்துக்குப் போனது.

கால் வீங்கியது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. முகம் உப்பியது. கொரோனா இறங்கியதும் லூபஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டது. சிறுநீரகத்தைப் பிடித்துக்கொண்டது. எதைக் காக்க அந்தப் பெரிய மாத்திரையோ, சரியாக அதையே. மறுபடியும் பெரிய அளவு ஸ்டிராய்டு ஊசி, இரத்தப் பரிசோதனை, கையில் குத்த இடமில்லாமல் காலில் குத்தினார்கள். கொரோனா வார்டிலிருந்து வேறு வார்டுக்கு மாற்றினார்கள். ஐந்து வாரம் கழித்து வீடு வந்தேன். போகும்போது இருந்த சிறுநீரகம் திரும்பி வரும்போது இல்லை. டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை, அதற்கு நன்றி. ஆனால் இழந்த பங்கு இழந்ததுதான்.

பல வருடமாக என்னைப் பார்க்கும் சிறப்பு மருத்துவர் வயதான சீனர். முதல் கிளினிக்கில் அவரிடம் நான் நேராகவே கேட்டேன். லூபஸ் இருந்ததால் கொரோனா மோசமானதா, மாத்திரையை நிறுத்தியதால் மோசமானதா? மலாயும் ஆங்கிலமும் கலந்து பொறுமையாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குக் கொரோனா வந்தால், என்னைப் போன்றவர்களுக்கு மற்றவர்களைவிடச் சிக்கல் கூட வர வாய்ப்பு உண்டு. ஆனால் நோய் இருக்கிறது என்பது மட்டும் பேச்சில்லை. நோய் அடங்கி இருக்கிறதா, பொங்கி இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி, எந்த மாத்திரை, ஸ்டிராய்டு எவ்வளவு, ஊசி போட்டாயிற்றா, எல்லாம் சேர்ந்துதான். சில மருந்து ஆபத்தைக் கூட்டும், அதை டாக்டர் பார்த்து மாற்ற வேண்டும். நீங்களே நிறுத்தினால் நோய் பொங்கும், அது இன்னோர் ஆபத்து. "உங்க விஷயத்தில எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார். "தெரியாது" என்று சொல்லத் தெரிந்த ஒரு மனிதரைப் பார்த்தது எனக்கு அந்த வருடத்தின் பெரிய ஆறுதல். எங்கள் குடும்பத்தில் அந்த வார்த்தையை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

சில மாதம் கழித்து சபையைத் திறந்தார்கள். நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். நானும் கணவரும் பின் வரிசையில் உட்கார்ந்தோம். சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"மருத்துவர்கள் கைவிட்ட என் தங்கையை ஆண்டவர் எழுப்பினார். அவள் சாப்பிட்ட மருந்துகள் அவள் உடம்பின் சக்தியை அழித்துக்கொண்டிருந்தன. அதை நிறுத்தச் சொல்லும்படி ஆண்டவர் முன்கூட்டியே என் உள்ளத்தில் ஏவினார். நான் சொன்னேன். அவள் கீழ்ப்படிந்தாள். அதனால் இன்று உயிரோடு நம் நடுவில் இருக்கிறாள்."

அல்லேலூயா என்றார்கள். என்னைப் பார்த்துத் திரும்பினார்கள். மைக் என் கைக்கு வந்தது. நான் அழுது நன்றி சொல்வேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். முகம் ஸ்டிராய்டில் பூசணிக்காய் மாதிரி உப்பி, முடி பாதி கொட்டி நின்றேன்.

"அண்ணன் மாத்திரைய நிறுத்தச் சொன்னது உண்மை" என்றேன். "நான் கேட்டது என் புத்தி கெட்டதனம். அதனாலதான் எனக்குப் பிரஷர் எறங்கிச் சாகப்போனேன். அதனாலதான் என் கிட்னி போச்சு. டாக்டருங்க யாரும் கைவிடல. அவங்கதான் பக்கத்துல நின்னாங்க. ஆண்டவருக்கு நன்றி. மாத்திரைய நிறுத்தச் சொன்னது அவரில்ல. இங்க வேற யாராவது மாத்திரைய நிறுத்தி வச்சிருந்தா, இன்னிக்கே போயி டாக்டரப் பாருங்க."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் இருமினார். கீபோர்டு வாசிப்பவர் சமயம் பார்த்து ஒரு பாட்டை எடுத்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் இரண்டு பெண்கள், தனித்தனியாக, கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் வந்து தங்கள் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு வலிப்பு. இருவருக்கும் அதே மெசேஜ் போயிருந்தது.

காரில் கணவர் சொன்னார். "கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்."

"மெதுவாத்தான் சொன்னேன். மைக்தான் சத்தமா இருந்துச்சு."

அவர் சிரித்தார். ஒரு சிக்னலில் நின்றபோது, "என்கிட்ட சொல்லியிருக்கலாமே, நிறுத்தறதுக்கு முன்னாடி" என்றார். அண்ணனுக்கு மைக்கில் பதில் சொல்லத் தெரிந்தவளுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.

அண்ணன் என்னோடு இரண்டு வருடத்துக்கு மேல் பேசவில்லை. சபையில் நான் ஒரு பக்கம் உட்கார்ந்தால் அவர் குடும்பம் மறுபக்கம். கிறிஸ்துமஸ் பலகாரம் அவர்கள் வீட்டிலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து போனது டப்பாவோடு அப்படியே திரும்பி வந்தது. மூப்பர் பதவி அவருக்கு அப்படியே இருந்தது. இப்படிப்பட்டவர்களின் பதவிக்கு எதுவும் ஆவதில்லை.

போன வருடம் ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து வந்து உடை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் எண்ணிலிருந்து போன். எடுத்தேன்.

"எனக்கு வந்துருச்சு" என்றார். வேறு முன்னுரை இல்லை.

"எப்ப?"

"நேத்து டெஸ்ட் பண்ணேன். வெறும் சளிதான். ஜுரம்கூட இல்ல. உங்க அண்ணி தனி ரூம்ல போட்டுட்டா."

"மூச்சு வாங்குதா? வெரல்ல மாட்டற மெஷின் இருக்கா?"

"இருக்கு."

"மாட்டிப் பாருங்க. நான் இருக்கேன் லைன்ல."

மேசை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "தொண்ணூத்தி எட்டு" என்றார்.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேல் கோபமும் வந்தது. இந்த மனிதருக்கு வெறும் சளியாக வந்து போகிறது. எனக்கு ஐந்து வாரமும் ஒரு பங்கு சிறுநீரகமும். இதில் நியாயம் எங்கே என்று கேட்டால், அவர் நான்கு தடுப்பூசி போட்டிருந்தார், இப்போது வந்த கிருமியும் அப்போதைய கிருமி இல்லை, அவர் உடம்பும் என் உடம்பு இல்லை. டாக்டர் சொன்ன கணக்குதான். நியாயம் அதில் சேர்த்தியே இல்லை. நான்கு ஊசி என்று அண்ணிதான் பின்னால் சொன்னார். ஊரெல்லாம் மெசேஜ் அனுப்பியவர், தனக்கு மட்டும் ஒன்று விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"நீ அந்த மாத்திரையெல்லாம் இப்ப சாப்பிடறதானே?" என்றார்.

"சாப்பிடறேன்."

"ம். சாப்பிடு."

மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து இதற்கு மேல் வராது. எனக்கு இது போதாது. ஆனால் வந்தது இவ்வளவுதான். சுடுதண்ணீர் குடிக்கச் சொன்னேன், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அதற்கடுத்த செவ்வாய் எனக்குக் கிளினிக் தேதி. சிறுநீரில் புரதம் போன முறையைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. டாக்டர் ஸ்டிராய்டை ஒரு சின்ன அளவு குறைத்து எழுதினார். எப்படிக் குறைப்பது, எத்தனை நாள், எப்போது போன் செய்வது என்று தாளில் எழுதித் தந்தார். நான் இரண்டுமுறை படித்துக் காட்டினேன். வெளியே வந்ததும் கணவரிடம் கொடுத்தேன். அவர் காருக்குள் உட்கார்ந்து முழுவதையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.